அத்தாவின் அளவுக்கு ஒரு துப்பாக்கி

786

சுகர் லேண்ட்
ஜனவரி 11, ஞாயிறு

அன்பு மகள் மஹாவுக்கு, உன் அம்மா ஷம்சாத் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் தலையிலிருந்து இடுப்பு வரை நான் நலம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. மில்பிடாஸில் நீயும் மாப்பிள்ளை ஆகிப்பும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். ஃபோன் இருக்கும்போது அம்மா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். ஃபோனில் நீ போன செவ்வாய்க்கிழமை என்னைப் பாதியில் கட் பண்ணிவிட்டாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழித்துத்தான் போட முடியும், நீ கிழிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும். அஞ்சாம் கிளாஸ் படிப்புதான் என் படிப்பு, எழுத்து விட்டுப்போயிருந்தால் கூட்டி வாசித்துக்கொள்.

முதலில் ஊர் விஷயம். முருங்கை இந்தக் குளிருக்கு இலையெல்லாம் கொட்டிவிட்டது, அடிமரத்தில் உன் அத்தாவின் பழைய பனியனைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மரகதம் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, இப்போது ஃப்ரீவேயில் போர்டு எல்லாம் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறாள், வாசித்துவிட்டு அந்த எக்ஸிட்டைத் தாண்டியும் போய்விடுகிறாள். பள்ளிவாசலில் புது கார்பெட் போட்டாச்சு. இதெல்லாம் நீ கேட்க மாட்டாய், நீ கேட்பது ஒன்றுதான், துப்பாக்கி வாங்கினீங்களா இல்லையா என்பது. வாங்கிவிட்டேன். கோபப்படாமல் மீதியை வாசி, எந்தத் துப்பாக்கி, எப்படி வாங்கினேன், எங்கே இருக்கிறது எல்லாம் ஒளிவு மறைவில்லாமல் எழுதுகிறேன்.

போன ஏப்ரலில் அத்தா மௌத்தானபோது நீ வந்து மூன்று வாரம் இருந்தாய். நான் இத்தாவில் உள்ரூமில் இருந்தேன். அந்த மூன்று வாரத்தில் நீ கராஜ் முழுவதும் சுத்தம் பண்ணினாய், அத்தாவின் மாத்திரை டப்பாவெல்லாம் எடுத்துப் போட்டாய், நல்ல பிள்ளை. இத்தா நாலு மாசம் பத்து நாள் முடிந்து நான் வெளியே வந்து கராஜ் அலமாரியைத் திறந்தால் அவர் துப்பாக்கி நின்ற இடத்தில் வாக்குவம் கிளீனர் நின்றது. அப்புறம்தான் மாப்பிள்ளை சொன்னார், நீ அதைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாய் என்று. நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அழுவேன், நான் அழுதால் நீ அழுவாய், நீ ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பாய் என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன், நீ கொடுத்தது தப்பில்லை. ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது உன் அத்தா மட்டும் பிடித்த துப்பாக்கி இல்லை மஹா, இருபத்தாறு வருஷம் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேட்டையாடினோம். அவர் சுட்டார், நான் ஓடினேன்.

நீ சின்னப் பிள்ளையில் டேரல் அங்கிள் பண்ணைக்கு வந்தால் காரிலேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாய், அதனால் உனக்கு இது முழுசாகத் தெரியாது. நம் வீட்டு வழக்கம், பிஸ்மி சொல்லிச் சுட்டாலும் அது போதாது, முயல் விழுந்ததும் உயிர் இருக்கும்போதே ஓடிப்போய் பிஸ்மி சொல்லி அறுக்க வேண்டும், உயிர் போய்விட்டால் அதை நாம் தொட மாட்டோம். பிஸ்மி சொல்லிச் சுட்டாலே ஹலால்தான் என்று சொல்கிற ஆலிம்களும் உண்டு, பள்ளிவாசலில் அந்த சிரியாக்காரர் அப்படித்தான் சொன்னார், அவர் படித்தவர், நான் தர்க்கம் பண்ணவில்லை. ஆனால் அத்தா தின்னவில்லை, நானும் தின்ன மாட்டேன். அத்தாவுடையது குழல் வாயில் கரிமருந்தைப் போட்டுக் கோலால் இடிக்கிற பழைய துப்பாக்கி, சுட்டால் முன்னால் வெள்ளைப் புகை திரை போட்டது மாதிரி நிற்கும், சுட்டவருக்கு முயல் எந்தப் பக்கம் விழுந்தது என்றே தெரியாது. அதனால் நான் பத்தடி பக்கவாட்டில் கத்தியோடு தயாராக நிற்பேன், சத்தம் கேட்டதும் புடவையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஓடுவேன். முதல் தடவை பொம்பளை அறுக்கலாமா என்று அவருடைய சிநேகிதர் ஒருவர் கேட்டதற்கு உன் அத்தா, தாராளமா அறுக்கலாம், இருபது வருஷமா என்னை அறுத்துக்கிட்டுத்தான இருக்கா என்றார். அப்படிச் சிரித்துக்கொண்டே வாயை அடைத்துவிடுவார் மனுஷன்.

நோன்புக்கு முந்தின வாரம் அவர் முயல் அடித்து வருவார், நான் பிரியாணி ஆக்குவேன், ஏழு வீட்டுக்கு டப்பா போகும், இது உனக்குத் தெரியும், உனக்கும் ஐஸ் வைத்து அனுப்பியிருக்கிறோம். இந்தத் தடவை டிசம்பர் பிறந்ததுமே அந்த ஏழு வீட்டிலிருந்தும் ஒருவர் மாற்றி ஒருவர் ஃபோன் பண்ணி, ஷம்சாத் ஆன்ட்டி நீங்க எப்படி இருக்கீங்க என்று கேட்டார்கள். பிரியாணியைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் விட்டதுதான் எனக்கு மனசுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. இந்த வீட்டில் இனி அது கிடையாது என்று எல்லாரும் அவரவர் மனசில் முடிவுகட்டிவிட்டார்கள். அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு மரகதம் அக்காவைக் கூப்பிட்டு, அக்கா என்னைத் துப்பாக்கிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போ என்றேன். அக்கா சுத்த சைவம், வெங்காயம்கூட வெள்ளிக்கிழமை தொட மாட்டாள்.  ஆனாலும், கடை எத்தனை மணிக்குத் தொறக்கறாங்க என்று கேட்டாள். சிநேகிதம் என்றால் இதுதான்.

கேட்டி ஊர்ப் பக்கம் ஒரு பழைய கடை. கடைக்கார அம்மாவுக்கு என் வயசு இருக்கும், நரைத்த சடையை முன்னால் போட்டிருந்தாள், என்னை ஹனி ஹனி என்றுதான் கூப்பிட்டாள். நான் முக்காட்டோடும் மரகதம் அக்கா குங்குமத்தோடும் போய் நின்று, முயலுக்குத் துப்பாக்கி, முதல் தடவை, வாய்வழியாகக் கரிமருந்து இடிக்கிற பழைய மாதிரிதான் வேண்டும் என்று சொன்னதும் அவள் கண் சிமிட்டவில்லை, காபி வேண்டுமா என்று கேட்டாள். நல்ல பொறுமைசாலி. முதலில் ஐம்பது என்று நம்பர் போட்ட ஒன்றைக் காட்டினாள், அது மானுக்கு, அதால் முயலைச் சுட்டால் வாலும் காதும்தான் மிஞ்சும் என்று அவளே சொல்லித் திருப்பி வைத்துவிட்டாள். அப்புறம் சிக்கிமுக்கிக் கல்லில் பொறி பறக்கிற ஒன்று, பார்க்க அழகு, ஆனால் பொறி முகத்துக்குப் பக்கத்தில் பறக்கும், முக்காடு போடுகிறவளுக்கு அது ஆகாது, ஹூஸ்டன் ஈரத்தில் பாதி நேரம் பற்றவும் பற்றாது என்றாள். கேப் வைத்துச் சுடுவதுதான் புதுசாகப் பழகுகிறவர்களுக்கு நல்லது. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கிற கேப் மாதிரிதான், சின்னச் செப்புத் தொப்பி, அதை மாட்டினால்தான் துப்பாக்கிக்கு உயிர் வரும், மாட்டாவிட்டால் அது வெறும் இரும்புக் குழாய். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருகிறது.

கடைசியில் முப்பத்திரண்டு என்று ஒரு ரைஃபிள் எடுத்தாள். மெல்லிசு, மருந்து கொஞ்சம் போட்டால் போதும், தோளில் இடிக்காது, சிறு வேட்டைக்கென்றே செய்தது என்றாள். அதற்கு மேல் வேகமாக இங்கிலீஷில் ஏதோ சொன்னாள், மரகதம் அக்கா கண்ணை மூடிக்கொண்டு, தலையில பட்டா அந்த செகண்டே உயிர் போயிடுமாம் ஷம்சாத், ஒரு துடிப்புகூட இருக்காதாம், முருகா, அப்படின்னு சொல்றா என்றாள். நானும் சந்தோஷமாகத் தலையாட்டி அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என் புத்தியை என்னவென்று சொல்வது. இருபத்தாறு வருஷம் கத்தியோடு ஓடினவள் அந்தப் பேச்சில் இருக்கிற ஓட்டையைக் கவனிக்காமல் விட்டேன்.

நீட்வில்லில் டேரல் அங்கிள் பண்ணையில்தான் பழகினேன். அத்தா இருபது வருஷம் அவரோடு ஒரே வொர்க்‌ஷாப்பில் பக்கத்துப் பக்கத்து லேத்தில் நின்றவர், அதனால் என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். வேட்டை லைசென்ஸ் எடுத்துவிட்டேன், உங்கள் வயசுக்கு வகுப்பு கட்டாயமில்லை என்றார்கள், நான் இருந்தாலும் போனேன், வகுப்பில் எனக்கு அடுத்த வயசு பதினேழு. மூன்று சனிக்கிழமை தகர டப்பாவைச் சுட்டேன். பிரியாணி தேக்சாவை இறக்குகிற கைதானே, துப்பாக்கி கனக்கவில்லை, கண்தான் பழக வேண்டியிருந்தது. மரகதம் அக்கா முதல் சனிக்கிழமை உன்னை மாதிரியே காரில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் சனிக்கிழமை இறங்கி நின்று பார்த்தாள். மூன்றாம் சனிக்கிழமை, குடு பார்க்கலாம் என்று வாங்கி ஒரே சூட்டில் டப்பாவை விழவைத்துவிட்டாள். டேரல் அங்கிள் கைதட்டினார். அக்கா துப்பாக்கியை என்னிடம் கொடுத்துவிட்டு, நான் தகரம் மட்டும்தான் சுடுவேன், தகரம் சைவம் என்றாள்.

நாலாம் சனிக்கிழமை வேலியோரம் முயல் வந்தது. பிஸ்மி சொல்லிச் சுட்டேன். புகை விலகி நான் நடந்து போனேன், அது அசையவே இல்லை. கடைக்கார அம்மா சொன்னது அப்படியே உண்மை, தலையில் பட்டிருக்கிறது, ஒரு துடிப்பு இல்லை. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது, மற்றவர்களுக்கு எது நல்ல துப்பாக்கியோ அது நமக்கு ஆகாத துப்பாக்கி. அறுக்க உயிரே மிச்சம் வைக்காது. டேரல் அங்கிளிடம் கொடுத்தேன், அவர் வறுத்துத் தின்றார். அவர்தான் உன் அத்தாவைப் பற்றிச் சொன்னார், நெய்னா ஒருநாளும் ரைஃபிள் வைத்ததில்லை, அவனுடையது ரவை, அதாவது பொடி ஈயக்குண்டு, சிதறுகிற துப்பாக்கி, அது எத்தனாம் நம்பர் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மருந்து அளக்க அவன் லேத்தில் ஒரு பித்தளைக் குழாய் கடைந்து வைத்திருந்தான், அது எங்கே என்று கேட்டார்.

அது எங்கே என்று எனக்குத் தெரியும் மஹா. தெரிந்தேதான் எட்டு மாசமாக அதைத் தொடவில்லை. அவருடைய காக்கி ஜாக்கெட் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, நீ சுத்தம் பண்ணினபோது அதை விட்டுவிட்டாய், நல்லவேளை. தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறேன், ஜாக்கெட்டைப் பார்க்காமல் பழகிக்கொண்டேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒளு செய்துவிட்டுப் பாக்கெட்டில் கையை விட்டேன். பித்தளைக் குழாய் இருந்தது. அதோடு நாலு கடலை மிட்டாய் இருந்தது. சுகர் முந்நூறுக்கு மேல் இருந்த மனுஷன், கறுப்புக் காபி குடித்து என்னிடம் நல்ல பேர் வாங்கிக்கொண்டு, பாக்கெட்டில் கடலை மிட்டாய் வைத்திருந்திருக்கிறார். யார் வாங்கிக் கொடுத்தது என்று எனக்கு அப்போதே சந்தேகம், மரகதம் அக்காவைக் கேட்டேன், அவள் பேச்சை மாற்றினாள். பாத்ரூம் தரையில் உட்கார்ந்து நல்லா அழுதேன், அழுதுகொண்டே சிரிப்பும் வந்துவிட்டது. அப்புறம் ஒரு மிட்டாயைத் தின்றேன். நமுத்துப்போயிருந்தது. மீதி மூன்றும் இருக்கிறது.

அடுத்த நாளே குழாயை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உள்பக்கம் எவ்வளவு வழவழப்பு என்று விரலை விட்டுப் பார்த்தாள், யார் செய்தது என்றாள், என் வீட்டுக்காரர் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன். உள்ளே ஒரு கோடு கிழித்திருக்கிறார். அந்தக் கோடு வரை மருந்து, அதே கோடு வரை ரவை, இரண்டும் ஒரே அளவு. அவள் ரவையைக் கொட்டித் தராசில் நிறுத்துவிட்டு, இது இருபது கேஜ் துப்பாக்கி வைத்திருந்தவரின் அளவு ஹனி என்றாள். ரைஃபிளைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஒற்றைக்குழல் இருபது கேஜ் ஒன்றைக் கொடுத்தாள். பன்னிரண்டும் இருக்கிறது, நம்பர் குறைந்தால் குழல் பெரிசாம், அது என் தோளுக்கு ஆகாது. தோளில் வைக்கிற கட்டை கொஞ்சம் நீளம், ஐந்தடி இல்லாதவளுக்குக் கை எட்டவில்லை, டேரல் அங்கிள் ஒரு அங்குலம் அறுத்துக் கொடுத்தார். ஆக நான் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்வது பொய், அந்த அளவுக் குழாய்க்குப் பொருத்தமாக ஒரு துப்பாக்கி தேடினேன், கிடைத்தது.

இப்போது நீ பயப்படுகிற விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ஃபோனில், தனியா இருக்கீங்க, வீட்ல துப்பாக்கி எதுக்கும்மா, ஏதாவது ஆயிட்டா என்று சொல்லிவிட்டு அழுது கட் பண்ணிவிட்டாய். நான் திருட்டுக்குப் பயப்படுகிறாய் என்று நினைத்து, திருடன் வந்தால் அவன் உட்கார்ந்து டீ குடித்து முடிக்கும் வரை நான் மருந்து இடித்துக்கொண்டிருப்பேன் என்று மரகதம் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. 59 ஃப்ரீவேயில் வண்டி ஓட்டிக்கொண்டே, உனக்கு நெஜமாவே புரியலையா, அவ பயப்படறது திருடனை நெனச்சு இல்ல, உன்னை நெனச்சு என்றாள். 

மஹா, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு மாசம் தொழுகைப் பாயில், என்னையும் கூட அழைத்துக்கொண்டிருக்கலாமே ரப்பே என்று கேட்டதுண்டு. கேட்டதோடு சரி. என் கையால் எதையும் செய்ய நினைத்ததில்லை, நினைக்கவும் மாட்டேன், அது அவன் கொடுத்த உயிர், எடுக்கிற வேலை அவனுடையது. இப்போது அந்தக் கேள்விகூட வருவதில்லை. ஆனால் வார்த்தையால் சொன்னால் மட்டும் உன் மனசு ஆறாது என்று எனக்குத் தெரியும், நான் உன்னைப் பெற்றவள். அதனால் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். துப்பாக்கியும் மருந்தும் நீட்வில்லில் டேரல் அங்கிள் இரும்பு அலமாரியில், சாவி அவரிடம். கேப் டப்பா மரகதம் அக்கா வீட்டில், காபித்தூள் பக்கத்தில். என் வீட்டில் இருப்பது அளவுக் குழாயும் கத்தியும் மட்டும்தான். மூன்று பேரும் ஒரே காலையில் ஒரே இடத்தில் கூடினால்தான் அது வெடிக்கும், எங்கள் மூன்று பேர் வயசைக் கூட்டினால் இருநூறு தாண்டும், ஒருத்தருக்கு டாக்டர் அப்பாயிண்ட்மெண்ட் இருந்தால் முயலுக்கு ஒரு வாரம் ஆயுசு நீளும். இது போதுமா. போதாது என்றால் நீ சொல்வதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வேறு ஜாக்கிரதையும் உண்டு, அதையும் கேட்டுக்கொள். சுட்ட குழலுக்குள் கனல் கிடக்கும், அதனால் டப்பாவிலிருந்து நேராக மருந்தைக் கொட்ட மாட்டேன், அளவுக் குழாயில் எடுத்துத்தான் ஊற்றுவேன், அதற்கு முன்னால் ஈரத்துணி விட்டுத் துடைப்பேன். நைலான் துணி கிடையாது, பருத்தி முக்காடுதான், அதையும் கழுத்தோடு சுற்றிவிடுவேன். குழலுக்குள் மருந்து இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகமே வரக்கூடாது என்று மருந்து இடிக்கிற கோலில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன், கோலை உள்ளே விட்டால் மேல்கோடு வரை இறங்கினால் காலி, கீழ்க்கோட்டோடு நின்றால் உள்ளே மருந்து இருக்கிறது. டேரல் அங்கிள் பெயிண்ட் கொடுத்தார், நான் மருதாணி வைத்தேன், மரத்தில் நன்றாகப் பிடித்துச் சிவந்திருக்கிறது. இந்த வருஷம் வீட்டில் மருதாணி அரைத்தது அதற்கு மட்டும்தான். சுட்டு முடித்ததும் வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும், முட்டை அழுகின நாற்றம் அடிக்கும், கழுவாமல் விட்டால் மறுநாளே துரு. டேரல் அங்கிள் கழுவுகிறேன் என்றார், நாற்பது வருஷம் கறிச்சட்டி கழுவினவள் நான் இருக்கும்போது அவர் எதற்கு.

நேற்று சனிக்கிழமை புதுத் துப்பாக்கியை முதல் தடவை வேலியோரம் கொண்டுபோனேன். முயல் வந்தது, பிஸ்மி சொல்லிச் சுட்டேன், புகை திரை போட்டது. டேரல் அங்கிள் தடியை ஊன்றிக்கொண்டு இடதுபக்கம் இடதுபக்கம் என்று கத்தினார். முயல் நாற்பது அடியில் காலை உதைத்துக்கொண்டு கிடந்தது, அத்தா சுட்டால் எப்படி விழுமோ அப்படியே. துப்பாக்கியைக் கீழே வைத்தேன், கத்தியை எடுத்தேன், ஓடினேன். ஓடினேன் என்று நான் நினைத்துக்கொண்டேன், மரகதம் அக்கா சொல்கிறாள் அது நடைகூட இல்லையாம், கல்யாண ஊர்வலமாம். நான் போய்ச் சேர்ந்தபோது அதன் கண் நின்றுவிட்டது. இந்த ஆறு வாரத்தில் நான் அடித்த இரண்டு முயலையும் டேரல் அங்கிள்தான் தின்றிருக்கிறார், அவருக்குக் கன்னம் ஒரு சுற்று வந்துவிட்டது. எனக்கு அந்த முயலுக்கு முன்னால் நின்றபோதுதான் விளங்கியது. நான் அத்தாவின் வேலையைக் கற்றுக்கொள்ள ஆறு வாரம் அலைந்தேன், என் வேலையைச் செய்ய ஒரு ஆள் வேண்டும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. இத்தனை வருஷம் எல்லாரும் நெய்னா அடித்த முயல் என்றுதான் சொன்னார்கள், நானும் அப்படித்தான் சொன்னேன். ஓடினவளை நானே மறந்துவிட்டேன் பார். உயிர் போகிற முயலைக் காக்கவைக்கவும் எனக்கு மனசில்லை, ஓட ஆள் இல்லாமல் இனி துப்பாக்கியைத் தொட மாட்டேன் என்று அங்கேயே டேரல் அங்கிளிடம் சொல்லிப் பூட்டவைத்துவிட்டேன். அவருக்கு இடுப்பு ஆபரேஷன் ஆனது, அக்கா சைவம், இரண்டு பேரும் ஓட ஆகாது.

நோன்பு பிப்ரவரி நடுவில் பிறக்கிறது. அதற்கு முன்னால் பிரசிடெண்ட்ஸ் டே என்று உங்களுக்கு மூன்று நாள் லீவு வருகிறதாம், அக்கா காலண்டரில் பார்த்துச் சொன்னாள். போன அக்டோபரில் நீ இருபத்தொரு கிலோமீட்டர் ஓடி மெடல் வாங்கின ஃபோட்டோவை அனுப்பினாய், அதை ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன், தினமும் பால் எடுக்கும்போது பார்க்கிறேன். நான் கேட்பது நாற்பது அடி. அறுப்பதற்கு உனக்குத் தைரியம் இல்லை என்று சொல்லாதே, பதினைந்து வயசில் ரோஸன்பர்க் கோழிப்பண்ணையில் அத்தா உன் கையில் கத்தியைக் கொடுத்தபோது பிஸ்மி சொல்லி நீ அறுத்தாய், உன் கை நடுங்கவில்லை, அவர் கைதான் நடுங்கியது, வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். துப்பாக்கியை உன் கண்ணால் பார், அலமாரியைப் பார், சாவியைப் பார், காபித்தூள் பக்கத்தில் கேப் டப்பாவைப் பார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இதெல்லாம் வேண்டாம்மா என்று சொன்னால், நானே அதைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகிறேன், நீ வண்டி ஓட்டு, நான் மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆனால் வந்து பார்த்துவிட்டுச் சொல். இங்கே பள்ளிவாசலில் கால் வலுவுள்ள பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், கேட்டால் யாராவது வருவார்கள். துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஆறு வாரம் ஆனது, அதிலும் ஒரு தடவை தப்பாக எடுத்தேன். ஓடுகிற ஆளைத் தேர்ந்தெடுக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல், அவருக்கு எலும்பில்லாத துண்டு தனியாக எடுத்து வைப்பேன். சின்னவளுக்குப் பல் விழுந்தது என்றாயே, முளைத்ததா. பெரியவன் என்னிடம் இங்கிலீஷில் பேசினாலும் பரவாயில்லை, மெதுவாகப் பேசச் சொல். நீ ராத்திரி கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாதே. அல்லாஹ் உங்கள் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும் ஈமானும் சலாமத்தும் தரட்டும், உன் அத்தாவின் கபுரை விசாலமாக்கி வைக்கட்டும், ஆமீன். டிக்கெட் போட்டதும் அக்கா நம்பருக்கு மெசேஜ் அனுப்பு, ஏர்போர்ட் எக்ஸிட்டை இந்தத் தடவை தாண்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். கத்தி இங்கே இருக்கிறது, தீட்டி வைக்கிறேன். ஓடுகிற ஷூவை மட்டும் மறக்காமல் எடுத்து வா.

உன் அம்மா,
ஷம்சாத் நெய்னா முகம்மது

கடலை மிட்டாய் மூன்று இருக்கிறது என்றேனே, ஒன்று உனக்கு, ஒன்று மரகதம் அக்காவுக்கு, அவள் வாங்கிக் கொடுத்ததுதான், ஒத்துக்கொண்டுவிட்டாள். மூன்றாவது ஜாக்கெட்டிலேயே இருக்கட்டும்.